டாபா விமானத்தளம்: கிணற்றில் மிதந்த எரிபொருள்

வடக்கு எஸ்தோனியாவில், டாலினிலிருந்து நார்வாவுக்கும் டார்ட்டுவுக்கும் செல்லும் ரயில் பாதைகள் பிரிகிற சிறு நகரம் டாபா. அதையொட்டி சோவியத் போர் விமானத் தளம் ஒன்று பல பதிற்றாண்டுகள் இயங்கியது; கடைசிக் காலத்தில் அங்கிருந்து பறந்தவை மிக்-23 விமானங்கள். 1991-இல் எஸ்தோனியா மீண்டும் விடுதலை பெற்றது. 1994 ஆகஸ்ட் 31-இல் ரஷ்யப் படைகள் நாட்டைவிட்டு வெளியேறின. ஆனால் விமானங்களுக்காகக் கொண்டுவந்து, கசிந்தும் கொட்டியும் வீணான எரிபொருள் மண்ணுக்குள் தங்கிவிட்டது. சுற்றுப்புறக் கிணறுகளில் அது நீரின்மேல் மிதந்தது. தீக்குச்சி வைத்தால் எரியும் அளவுக்கு மிதந்தது.

மண்ணில் கொட்டியது கிணற்றுக்கு எப்படி வந்தது? ஜெட் எரிபொருள் என்பது நாம் விளக்குக்கு ஊற்றிய மண்ணெண்ணெயின் சுத்திகரித்த வடிவம்தான். ஒரு லிட்டர் ஏறத்தாழ 0.8 கிலோ எடை. எனவே அது மண்ணில் கீழே இறங்கி, நிலத்தடி நீர்மட்டத்தைத் தொட்டதும் மூழ்காமல் அதன்மேல் படலமாகப் பரவும். மணற்பாங்கான நிலமாக இருந்தால் துகள்களின் இடுக்குகள் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொண்டு, மற்றதன் வேகத்தையும் குறைக்கும். டாபாவோ பாண்டிவெரே மேட்டுநிலத்தின் ஓரத்தில், மெல்லிய மண் போர்வைக்குக் கீழே சுண்ணாம்புப் பாறை கிடக்கும் இடத்தில் இருக்கிறது. கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இறங்கும் மழைநீரும் பனி உருகிய நீரும் அந்தப் பாறையை அரித்து, அதன் வெடிப்புகளை நீர் ஓடும் பாதைகளாக அகலப்படுத்தியிருக்கின்றன. எஸ்தோனியாவின் நிலத்தடி நீர் பெருமளவில் ஊறும் பகுதியும் இந்த மேட்டுநிலமே. வடிகட்ட ஏதுமில்லாத இப்படிப்பட்ட தரையின்மேல் எரிபொருள் கிடங்கு அமைத்ததையே இந்தத் தளத்தின் பெரும் பிழையாக நான் கருதுகிறேன்.

மிதப்பதை இறைத்துவிட்டால் தீராதா என்று தோன்றும். பணி அத்தனை எளிதன்று. வசந்தத்தில் பனி உருகி நீர்மட்டம் உயரும்போது எண்ணெய்ப் படலமும் உடன் ஏறுகிறது. கோடையில் இறங்கும்போது அதுவும் இறங்குகிறது. ஒவ்வொரு முறையும் வழியிலுள்ள பாறைச் சுவர்களில் கொஞ்சம் ஒட்டிக்கொள்வதால், பல மீட்டர் உயரத்துக்கு எண்ணெய் பூசிய அடுக்கு ஒன்று உருவாகிவிடுகிறது. துளையிட்டு இறைக்கும் பம்பு தளர்வாக மிதப்பதைத்தான் எடுக்கும், பூச்சை எடுக்காது. அதிலிருந்து பென்சீன், டொலுவீன், சைலீன் போன்றவை மெல்லமெல்ல நீரில் கரைகின்றன. இவற்றுள் பென்சீன் புற்றுநோயை உண்டாக்குவது; கண்ணுக்கு எண்ணெய் தெரியாத கிணற்றிலும் அது இருக்கக்கூடும்.

மீதியை உண்பவை பாக்டீரியாக்கள். எண்ணெயை வேகமாகச் சிதைக்க அவற்றுக்கு ஆக்சிஜன் தேவை. எண்ணெய் மிகுந்த இடத்திலோ அது விரைவில் தீர்ந்துவிடுகிறது. வடநாட்டு நிலத்தடி நீரின் குளிர்ச்சியும் அவற்றின் வேலையைத் தாமதப்படுத்துகிறது. இன்று டாபா எஸ்தோனியத் தரைப்படையின் முகாம். 2017 முதல் பிரிட்டன் தலைமையிலான நேட்டோ படையும் அங்கே இருக்கிறது. போர் விமானங்கள் அங்கிருந்து போய் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. பாறை இடுக்கில் ஒட்டிய எண்ணெய்க்கு அது நீண்ட காலமன்று.