குறைவேலையா, ‘குறைந்த வேலைவாய்ப்பா’?

‘அண்டர்எம்ப்ளாய்மென்ட்’டைக் ‘குறைந்த வேலைவாய்ப்பு’ என்று எழுதித் தள்ளுகிறார்கள். படிப்பவருக்கு ஊரில் வேலை கம்மி என்றுதான் புரியும். சொல்ல வந்ததோ வேறு: வேலை இருக்கிறது, போதவில்லை. இதற்குக் ‘குறைவேலை’ என்பதே பொருந்தும்.

‘எம்ப்ளாய்’ இலத்தீன் ‘இம்ப்ளிகாரே’யிலிருந்து பிரெஞ்சு வழியே வந்தது, உள்ளே மடித்துப் பிணைத்தல் என்பது மூலப் பொருள். ‘அண்டர்’ இங்கே போதாமை. அவ்வளவுதான்.

வாய்ப்பு ஆளுக்கு வெளியே இருப்பது. குறைவேலை ஆளின் நிலை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் வரையறைப்படி மூன்று சேர வேண்டும்: கூடுதல் நேரம் உழைக்க விருப்பம், கிடைத்தால் வரக்கூடிய நிலை, வகுத்த வரம்புக்குக் குறைவான உழைப்பு நேரம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வேலை கிடைக்கும் பெயின்டரைப் பாருங்கள். இந்தியாவின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பில், வார நிலைப்படி, கணக்கெடுப்புக்கு முந்தைய ஏழு நாள்களில் ஏதாவது ஒரு நாளில் ஒரு மணி நேரம் உழைத்தாலே ‘வேலையில் இருப்பவர்’. வேலையின்மை விகிதத்தில் அவர் தலை தெரியாது. அவரைக் காட்டத்தான் இந்தச் சொல்லே. ‘பகுதிநேர வேலை’யும் சரிவராது, விரும்பி அரை நாள் போகிறவருக்குக் குறை எதுவும் இல்லையே. ‘குறைவேலை’ போதும், ஆளைச் சொல்லக் ‘குறைவேலையர்’ என்றும் வரும். ‘குறைந்த வேலைவாய்ப்பு’ அப்படி எங்கே வளையும்?

குறைவேலை, வேலையின்மை எல்லாவற்றையும் அடக்கும் பொதுச்சொல் ‘லேபர் அண்டர்யூட்டிலைசேஷன்’. ‘தொழிலாளர் குறைப் பயன்பாடு’ என்றால், ஆளைக் குறைத்து வேலை வாங்கும் முதலாளிதான் நினைவுக்கு வருவார். பணம் முடங்கிக் கிடக்கிறது, தறி முடங்கிவிட்டது என்கிறோமே, ‘உழைப்பு முடக்கம்’ என்றால் என்ன குறைச்சல்?

2013-இல் 19-ஆவது பன்னாட்டுத் தொழிற்புள்ளியியல் மாநாடு இந்த முடக்கத்தை அளக்க நான்கு அளவைகளை வகுத்தது. கற்பனைக் கணக்கு ஒன்று: வேலையில் 60 பேர், அவர்களில் குறைவேலையர் 12, வேலையற்றோர் 5. வேலை தேடியும் உடனே வர முடியாதவர், வர முடிந்தும் தேடாதவர் சேர்த்து 8. உழைப்புப் படை என்பது வேலையில் இருப்பவரும் வேலையற்றோரும் சேர்ந்த 65 பேர், இந்த 8 பேர் அதற்கு வெளியே நிற்பவர்கள். முதல் அளவை 5/65, அதாவது 7.7%. இரண்டாவது, குறைவேலையரையும் கூட்டி, 17/65, 26.2%. மூன்றாவது, வேலையற்றோரும் வெளியே நிற்பவரும், கீழேயும் அந்த 8 பேரைக் கூட்டி, 13/73, 17.8%. நான்காவது எல்லாம் சேர்த்து 25/73, 34.2%. அந்த 8 பேரை மேலே கூட்டிவிட்டுக் கீழே மறந்தால் 38.5% ஆகிவிடும், அடிக்கடி நடக்கும் பிழை.

பாடநூல்களின் ‘மறைமுக வேலையின்மை’யும் இதே கதைதான். மறைமுக வரியில் ‘மறைமுக’ என்பது நேரடியல்லாதது. ஐந்து பேர் போதுமான வயலில் எட்டுப் பேர் நிற்பது நேரடியா, மறைமுகமா என்ற பேச்சே இல்லை. வேலையின்மை அங்கே கண்ணுக்குப் படாமல் ஒளிந்திருக்கிறது. ‘மறைந்த வேலையின்மை’ என்று எழுத ஓர் எழுத்துகூட அதிகம் செலவாகாது.