கையைத் தூக்கும் லோரிஸும் மல்லாந்து கிடக்கும் முயலும்

நாய்க்கு ஊசி போட்டு முடித்ததும், "டாக்டர், இதைப் பாருங்களேன்" என்று போனை நீட்டுபவர்கள் நிறைய. கால்நடை மருத்துவராகி இத்தனை வருடத்தில், அந்த வேடிக்கை வீடியோக்களில் பாதிக்கு என்னால் சிரிக்க முடிந்ததில்லை.

அடிக்கடி வருவது ஸ்லோ லோரிஸ். தேவாங்குக்கு ஒன்றுவிட்ட சொந்தம், ஆசியக் காடுகளில் இரவில் நடமாடும் பிராணி. யாரோ அதற்குக் கிச்சுகிச்சு மூட்டுவார்கள். அது இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு பெரிய கண்களால் விழிக்கும். "இன்னும் வேணுமாம்" என்பார்கள். அது ஆயுதத்தை எடுக்கிறது என்று நான் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

முழங்கைக்குப் பக்கத்தில், கையின் உட்புறத்தில் அதற்கு ஒரு சுரப்பி உண்டு. கையைத் தூக்கினால் வாய் அங்கே எட்டும். அங்கே கசிவதை நக்கி எச்சிலோடு கலந்தால் விஷம் தயார். கீழ்த்தாடையில் சீப்புப் போல நீட்டிக்கொண்டிருக்கும் முன்பற்கள் வழியாக அது கடிவாயில் இறங்கும். குரங்குகளும் நாமும் அடங்கிய பிரைமேட் கூட்டத்தில் விஷக்கடி இந்த இனத்துக்கு மட்டும்தான். கடிபட்ட இடம் சுலபத்தில் ஆறாது. ஒவ்வாமை முற்றினால் உயிருக்கே ஆபத்து. அதனால் வியாபாரிகள் பிடித்த கையோடு அதன் பற்களை வெட்டிவிடுகிறார்கள், அதுவும் நகவெட்டியால், மயக்கமருந்து இல்லாமல். வாயில் சீழ் பிடித்தே பல செத்துப்போகின்றன. 2007-ல், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலுக்கு இவற்றை மாற்றி, நாடுகளுக்கிடையே வணிகத்துக்காக விற்பதைத் தடுத்தார்கள். அப்படியும் "இது எங்கே கிடைக்கும்?" என்று என்னிடமே கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

முயல் சமாச்சாரம் இன்னும் நெருக்கமானது, ஏனென்றால் பலர் வீட்டிலேயே செய்து பார்க்கிறார்கள். முயலை மல்லாக்கப் படுக்க வைத்தால் அசையாமல் கிடக்கும். நிம்மதியாகத் தூங்குகிறது என்று நினைத்து நகம் வெட்டுவார்கள், போட்டோ எடுப்பார்கள். வேட்டை மிருகத்தின் பிடியில் சிக்கிவிட்டோம் என்று உடம்பு நினைத்துக்கொண்டு உறைந்துபோகும் நிலை அது. திடீரென்று விழித்து உதைத்தால் முதுகெலும்பே முறியலாம். முயலுக்கு எலும்பு லேசு, பின்னங்கால் தசையோ பலமானது. நகம் வெட்டவேண்டுமா? டவலில் சுற்றி, வயிறு கீழே இருக்கும்படி மடியில் வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

வீடியோக்களில் 'மயங்கி விழும்' ஆடுகளுக்கோ உண்மையில் மயக்கமே வருவதில்லை. திடுக்கிட்டதும் இறுகும் தசை உடனே தளராத பரம்பரைக் கோளாறு அது, மயோட்டோனியா என்போம். முழு நினைவோடுதான் ஆடு விறைத்துச் சாய்கிறது, சில விநாடிகளில் எழுந்து மேயப் போய்விடும். விழவைத்துப் படம் பிடிப்பதற்காகவே அதைப் பயமுறுத்துவதுதான் எனக்குப் பிடிக்காதது.

சரி, இதற்கு நேர் எதிரான கூட்டமும் உண்டு. சிரித்துவிட்டுப் போகவேண்டிய விஷயத்துக்கு அலறியடித்துக்கொண்டு வருபவர்கள். "முயல் தன் புழுக்கையையே தின்கிறது, டாக்டர்!" தின்னத்தான் வேண்டும். பெருங்குடலின் தொடக்கத்தில் நுண்ணுயிரிகள் புளிக்கவைத்து, திராட்சைக் கொத்து மாதிரி மெத்தென்று வருவது அது. அதில் புரதமும் பி வைட்டமின்களும் இருக்கின்றன. அதைத் தின்னாமல் விட்டுவைத்தால்தான் என்னிடம் வரவேண்டும். பெரும்பாலும் உடம்பு பெருத்திருக்கும், இல்லையென்றால் காய்ந்த புல் குறைந்து தீவனக் குச்சி அதிகமாகியிருக்கும்.

முள்ளெலி இன்னும் கூத்து. புது வாசனையுள்ள எதையாவது மென்று, வாயில் நுரை தள்ள, உடம்பை முறுக்கி அந்த நுரையைத் தன் முட்கள் மேலேயே பூசிக்கொள்ளும். பார்ப்பவர்களுக்கு வெறிநோய் என்றே தோன்றும். பூசி முடித்துவிட்டு எப்போதும்போல உலாவினால் கவலை வேண்டாம்.

அப்புறம், ஒருவர் தன் முயலுக்கு வலிப்பு வந்துவிட்டது என்று முகம் வெளிறி வந்தார். நல்லவேளை, வீடியோ எடுத்திருந்தார். முயல் ஓடுகிறது, எகிறிக் குதிக்கிறது, காற்றிலேயே இடுப்பை ஒரு பக்கமும் தலையை மறுபக்கமும் வெட்டித் திருப்புகிறது, மறுபடி ஓடுகிறது. சந்தோஷம் தாங்காத முயல் இப்படித்தான் துள்ளும். அன்றைக்குப் போனைத் திருப்பிக் கொடுக்காமல் மூன்று தடவை பார்த்தது நான்தான்.