எல்லையில் போர் விமானத்துக்குப் பத்துக் கிலோமீட்டர்: 1996ஆம் ஆண்டு இந்திய–சீன ஒப்பந்தம் சொல்வதும் சொல்லாததும்

கிழக்கு லடாக்கிலோ அருணாசலப் பிரதேசத்திலோ சீனப் போர் விமானங்கள் எல்லையை ஒட்டிப் பறந்தன என்று செய்தி வரும்போதெல்லாம், 'பத்துக் கிலோமீட்டர் விதி மீறப்பட்டது' என்ற வரியும் அதனுடன் சேர்ந்தே வருகிறது. அந்த விதி எந்த ஆவணத்தில் இருக்கிறது, எந்த வகை விமானங்களை அது தடுக்கிறது, எவற்றை அனுமதிக்கிறது, மீறினால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பவை அநேகமாக அந்தச் செய்திகளில் இருப்பதில்லை. இந்தியாவையும் சீனாவையும் ஒரே அளவில் கட்டுப்படுத்தும் இந்த விதியை அதன் வாசகத்திலிருந்தே விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

1986–87இல் அருணாசலத்தின் சும்தொரோங் சூ பள்ளத்தாக்கில் இரு படைகளும் நேருக்கு நேர் நின்ற அனுபவத்துக்குப் பிறகு, எல்லைத் தகராறு தீரும்வரை அமைதியையாவது காப்போம் என்ற எண்ணத்தில் இரு அரசுகளும் ஒப்பந்தங்கள் செய்துகொள்ளத் தொடங்கின. பிரதமர் நரசிம்ம ராவ் பெய்ஜிங் சென்றபோது, 1993 செப்டம்பர் 7 அன்று முதல் ஒப்பந்தம் கையெழுத்தானது. வான்வழி அத்துமீறல் நிகழாமல் பார்த்துக்கொள்வோம், நிகழ்ந்தால் கலந்து பேசுவோம் என்பதற்கு மேல் அதில் வான்வெளி பற்றி அதிகம் இல்லை. சீன அதிபர் ஜியாங் செமின் புது தில்லிக்கு வந்தபோது, 1996 நவம்பர் 29 அன்று அப்போதைய வெளியுறவு அமைச்சர்களான ஐ.கே. குஜ்ராலும் சியான் சிச்சேனும் கையெழுத்திட்ட இரண்டாவது ஒப்பந்தமே எண்களையும் நடைமுறைகளையும் கொண்டு வந்தது. எல்லை முடிவாகாத நிலையில் இரு நாடுகளின் கட்டுப்பாட்டில் உள்ள பகுதிகளைப் பிரிக்கும் மெய்யான கட்டுப்பாட்டுக் கோட்டை ஒட்டி இராணுவத் துறையில் நம்பிக்கையை வளர்க்கும் நடவடிக்கைகள் பற்றிய அந்த ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு, முழுக்க முழுக்க விமானங்களைப் பற்றியது.

அந்தப் பிரிவின்படி, கட்டுப்பாட்டுக் கோட்டிலிருந்து பத்துக் கிலோமீட்டர் தொலைவுக்குள் இரு தரப்பின் போர் விமானங்களும் பறக்கக் கூடாது. போர் விமானம் என்பதற்கு ஒப்பந்தம் விரிந்த பொருள் கொள்கிறது. சண்டை விமானம், குண்டுவீச்சு விமானம், உளவு விமானம், இராணுவப் பயிற்சி விமானம், ஆயுதம் தாங்கிய ஹெலிகாப்டர், ஆயுதம் பொருத்திய பிற விமானங்கள் ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். ஒரு குண்டு கூட இல்லாமல் படம் மட்டும் எடுக்கும் உளவு விமானமும் இதனால் தடைக்குள் வருகிறது.

ஆனால் இந்தப் பத்துக் கிலோமீட்டர் பட்டை, பலர் எழுதுவதுபோல் எவரும் நுழையவே முடியாத தடை மண்டலம் அல்ல. அதற்குள் போர் விமானத்தைப் பறக்கவிட வேண்டிய தேவை ஒரு தரப்புக்கு ஏற்பட்டால், மறு தரப்புக்குத் தூதரக வழியில் முன்கூட்டியே தகவல் தர வேண்டும். விமானங்களின் வகையும் எண்ணிக்கையும், பறக்கவிருக்கும் உயரம் மீட்டரில், எத்தனை நாட்களுக்குப் பறக்கும், எந்த நேரங்களில் பறக்கும், அட்சரேகை தீர்க்கரேகையுடன் கூடிய பகுதி ஆகிய விவரங்கள் அதில் இருக்க வேண்டும்; கால அளவு பொதுவாகப் பத்து நாட்களைத் தாண்டக் கூடாது. இங்கே கேட்கப்படுவது தகவல்தான், அனுமதி அல்ல. மறு தரப்பு ஒப்புக்கொண்டால்தான் பறக்கலாம் என்று ஒப்பந்தத்தின் இந்த உட்பிரிவில் எங்கும் சொல்லப்படவில்லை.

கோட்டைத் தாண்டுவது வேறு விஷயம். போர் விமானமோ சரக்கு விமானமோ, இராணுவ விமானம் எதுவாயினும், மறு தரப்பின் முன் அனுமதி இல்லாமல் கோட்டைக் கடக்கக் கூடாது. அனுமதி தரும்போது கூடுதல் நிபந்தனைகளைக் கடைசி நேரத்திலும் விதிக்கும் உரிமை இரு தரப்புக்கும் உண்டு. ஆகவே ஒரு சம்பவத்தை எடைபோடும்போது, விமானம் பட்டைக்குள் வந்ததா, கோட்டையே தாண்டியதா என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவதில் தகவல் தராததுதான் குற்றம்; இரண்டாவதில் அனுமதியின்றிக் கடந்ததே குற்றம்.

ஆயுதம் இல்லாத போக்குவரத்து விமானங்களும், நில அளவை விமானங்களும், ஹெலிகாப்டர்களும் கோடு வரைக்கும் செல்லலாம் என்று நான்காம் உட்பிரிவு தெளிவாகவே அனுமதிக்கிறது. இந்தியாவுக்கு இந்த விலக்கு எவ்வளவு பயன்பட்டது என்பதை லடாக்கின் வரைபடத்தைப் பார்த்தாலே அறியலாம். காரகோரம் கணவாய்க்குத் தெற்கே 16,000 அடிக்கு மேல் இருக்கும் தௌலத் பேக் ஓல்டி ஓடுதளம் கட்டுப்பாட்டுக் கோட்டிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் உள்ளது. பல ஆண்டுகள் பயன்படாமல் கிடந்த அந்த ஓடுதளத்தில் 2008 மே மாதத்தில் ஏ.என்-32 விமானத்தையும், 2013 ஆகஸ்ட் 20 அன்று அதைவிடப் பெரிய சி-130ஜே விமானத்தையும் இந்திய விமானப்படை இறக்கியது. இவை இரண்டும் போக்குவரத்து விமானங்கள் என்பதால் விதிக்கு உட்பட்டே நடந்தன. அதே ஓடுதளத்தில் ஒரு சுகோய் போர் விமானத்தை இறக்க வேண்டுமானால், மேலே சொன்ன விவரங்கள் அனைத்தையும் முதலில் பெய்ஜிங்குக்கு எழுதியாக வேண்டும். தெம்சோக் பக்கம் இருக்கும் ஃபுக்சே ஓடுதளம் கோட்டுக்கு இன்னும் நெருக்கமானது. அதன் நிலைமையும் இதுவே.

ஹெலிகாப்டர்களைப் பொறுத்தவரை விலக்கே சிக்கலாகிவிடுகிறது. ஆயுதம் இல்லாத ஹெலிகாப்டர் கோடு வரை வரலாம், ஆயுதம் தாங்கியது பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் நிற்க வேண்டும் என்பது காகிதத்தில் எளிமையாக இருக்கிறது. மலை முகட்டுக்கு மேல் சில நிமிடங்கள் தெரிந்து மறையும் ஒன்றில் ஆயுதம் இருந்ததா என்பதைத் தரையில் நிற்கும் காவலர் எப்படிச் சொல்வார்? உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில் பாராஹோத்தி புல்வெளிக்கு மேல் சீன ஹெலிகாப்டர்கள் வந்து சென்றதாக 2017 ஜூனில் எழுந்த புகார் போன்றவை இத்தகைய இடங்களில்தான் மீண்டும் மீண்டும் எழுகின்றன.

விதி மீறப்பட்டால் அபராதமோ தண்டனையோ கிடையாது. விசாரிக்கும் நடுவரும் இல்லை. அத்துமீறல் தெரிய வந்தவுடன் விமானம் திரும்ப வேண்டும், விமானத்தை இயக்கிய தரப்பே விசாரணை நடத்த வேண்டும், முடிவைத் தூதரக வழியிலோ எல்லை அதிகாரிகளின் சந்திப்பிலோ மறு தரப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மட்டுமே 1996 ஒப்பந்தம் சொல்கிறது. 2005 ஏப்ரல் 11 அன்று கையெழுத்தான நெறிமுறை இதற்குக் காலக்கெடு சேர்த்தது. அத்துமீறல் நடந்ததாகக் கருதும் தரப்பு 48 மணி நேரத்துக்குள் எல்லை அதிகாரிகளின் சந்திப்பைக் கோரலாம்; மறு தரப்பு நான்கு வாரங்களுக்குள் விசாரணையை முடித்துப் பதில் தர வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரே விசாரித்துத் தீர்ப்பும் எழுதும் ஏற்பாடு இது என்று கேலி செய்யலாம். ஆனால் இரண்டு அணு ஆயுத நாடுகளுக்கு நடுவே, விமானத்தைச் சுட்டு வீழ்த்துவதற்கு முன் பேசிப் பார்க்க ஓர் இடம் இருப்பது சிறிய விஷயமல்ல.

இந்த நடைமுறை சரியாக வேலை செய்ததற்கு 2017 டிசம்பர் ஓர் எடுத்துக்காட்டு. பூட்டானை ஒட்டிய டோக்லாமில் இரு படைகளும் எதிரெதிரே நின்ற பதற்றம் அடங்கி சில மாதங்களே ஆகியிருந்த நிலையில், சிக்கிம் பகுதியில் பயிற்சியில் இருந்த இந்திய ஆளில்லா விமானம் ஒன்று தொழில்நுட்பக் கோளாறால் தரைக் கட்டுப்பாட்டை இழந்து கோட்டைத் தாண்டி அப்பால் விழுந்தது. சீனா கண்டித்தது. வழக்கமான நடைமுறைப்படி சீன எல்லைக் காவலர்களுக்கு உடனே தகவல் தரப்பட்டது, அவர்களும் விமானம் கிடந்த இடத்தைத் தெரிவித்தனர் என்று இந்தியப் பாதுகாப்பு அமைச்சகம் விளக்கியது. விவகாரம் அதோடு நின்றது.

2022இன் கோடைக்காலம் அப்படி இல்லை. கிழக்கு லடாக்கில் இரு படைகளும் மூன்றாவது ஆண்டாக எதிரெதிரே நின்றுகொண்டிருந்தபோது, சீனப் போர் விமானங்கள் பத்துக் கிலோமீட்டர் பட்டைக்குள் வந்துபோவதாக இந்தியத் தரப்பு குற்றம் சாட்டியது. சீன விமானங்களோ ஆளில்லா விமானங்களோ கோட்டை நெருங்கினால் நமது போர் விமானங்களைக் கிளப்பிப் பதில் நடவடிக்கை எடுக்கிறோம் என்று அப்போதைய விமானப்படைத் தலைமைத் தளபதி வி.ஆர். சௌதரி வெளிப்படையாகவே கூறினார். ஆகஸ்ட் தொடக்கத்தில் சுஷுல்–மோல்டோ முகாமில் நடந்த இராணுவப் பேச்சில் விமானப்படை அதிகாரி ஒருவரும் அமர்ந்தார். வழக்கமாகத் தரைப்படையினர் மட்டுமே பேசும் மேசை அது.

விதியின் பெரிய பலவீனம் அதன் அளவுகோலில் இல்லை, அளக்கத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. பத்துக் கிலோமீட்டர் எங்கிருந்து? கட்டுப்பாட்டுக் கோட்டின் நீளம் 3,488 கிலோமீட்டர் என்கிறது இந்தியா. சுமார் 2,000 கிலோமீட்டர்தான் என்பது சீனாவின் கணக்கு. இருவரும் ஏற்றுக்கொண்ட ஒரே வரைபடம் இன்றுவரை இல்லை. உத்தராகண்ட், இமாசலப் பிரதேசத்தை ஒட்டிய நடுப்பகுதிக்கு மட்டும் 2000ஆம் ஆண்டில் வரைபடங்கள் பரிமாறப்பட்டன. லடாக்கை உள்ளடக்கிய மேற்குப் பகுதிக்கான முயற்சி 2002இல் நின்றுபோனது. தெப்சாங் சமவெளியில் இரு நாடுகளும் கோடு என்று கருதும் இடங்களுக்கு இடையே சுமார் 18 கிலோமீட்டர் இடைவெளி இருப்பதாகச் செய்தித்தாள்கள் எழுதி வந்திருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு விமானி தன் நாட்டு வரைபடப்படி விதியைப் பிசகாமல் பின்பற்றினாலும், மறு தரப்பின் வரைபடப்படி பட்டைக்குள் புகுந்தவராகவோ கோட்டையே தாண்டியவராகவோ ஆகிவிடுவார். ஒப்பந்தத்தை எழுதியவர்களுக்கு இது தெரியாததல்ல. இதன் சில விதிகளின் முழுமையான அமலாக்கம் கோடு எது என்பதில் பொதுப் புரிதல் ஏற்படுவதைப் பொறுத்தது என்று பத்தாம் பிரிவில் அவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டாவதாக, விமானம் எங்கே பறக்கக் கூடாது என்று சொல்லும் ஒப்பந்தம், அது எங்கே நிறுத்தப்படலாம், எத்தனை நிறுத்தப்படலாம் என்பதைத் தொடவே இல்லை. எல்லையில் குறைக்க வேண்டிய ஆயுதங்களை மூன்றாம் பிரிவு பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது: டாங்கிகள், 75 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள பீரங்கிகள், தரையிலிருந்து தரைக்கும் தரையிலிருந்து வானுக்கும் பாயும் ஏவுகணைகள் எல்லாம் அதில் உண்டு. போர் விமானம் இல்லை. பட்டியலில் உள்ள ஆயுதங்களுக்குக்கூட உச்சவரம்பைப் பின்னால் பேசித் தீர்மானிக்கலாம் என்று விட்டுவிட்டார்கள்.

திபெத்திலும் சின்ஜியாங்கிலும் சீனா செய்துவரும் விமானத்தளப் பணிகள் அனைத்தும் இந்த மௌனத்துக்குள் அடங்கிவிடுகின்றன. லாசா, ஷிகாட்சே, ஙாரி ஆகிய விமான நிலையங்கள் இராணுவத்துக்கும் பயணிகளுக்கும் பொதுவானவை. அருணாசல எல்லைக்கு வடக்கே லுன்சே, நேபாள எல்லையருகே திங்ரி, உத்தராகண்டுக்கு எதிரே புராங் எனப் புதிய விமான நிலையங்களும் அண்மை ஆண்டுகளில் சேர்ந்துள்ளன. ஷிகாட்சேயில் ரேடாருக்கு எளிதில் அகப்படாத ஜே-20 விமானங்கள் நிற்பதை 2024 மே மாதச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. ஒப்பந்தத்தின் எந்த வரியையும் இது மீறவில்லை. இந்தியா லடாக்கில் நியோமா ஓடுதளத்தைப் போர் விமானங்களுக்கு ஏற்றதாக மாற்றியதும், மேற்கு வங்கத்தின் ஹாசிமாராவில் ரஃபேல் விமானங்களை நிறுத்தியதும் அதேபோல் மீறல் அல்ல.

சீனாவுக்கு இதில் ஒரு இயற்கைத் தடை உண்டு. ஙாரி ஓடுதளம் 4,274 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று அடர்த்தி குறைவு என்பதால் இறக்கைக்குக் கிடைக்கும் தூக்குவிசையும் எஞ்சினின் திறனும் குறைகின்றன. முழு எரிபொருளும் முழு ஆயுதமும் ஏற்றிக்கொண்டு கிளம்ப முடியாது. அசாமின் தேஜ்பூரிலிருந்தோ சாபுவாவிலிருந்தோ கிளம்பும் இந்திய விமானத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. நீண்ட ஓடுதளங்களும் வானில் எரிபொருள் நிரப்பும் விமானங்களும் இந்தக் குறையை ஈடுசெய்யச் சீனாவுக்கு உதவுகின்றன.

1996இல் பத்துக் கிலோமீட்டர் என்பது ஒரு மூச்சு விடும் தூரமாக இருந்திருக்கலாம். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் வரும் விமானம் அதைக் கடக்க 40 விநாடி போதும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பாயும் ஏவுகணைகள் வந்துவிட்ட பின், பட்டைக்கு வெளியே நின்றபடியே தாக்க முடிகிறது. ஆளில்லா விமானம் என்ற சொல்லும் ஐந்தாம் பிரிவில் கிடையாது. வேவு பார்க்கும் பெரிய ட்ரோனை உளவு விமானம் என்ற வகையில் சேர்க்கலாம். ஒரு சிப்பாய் முதுகுப் பையில் எடுத்துச் செல்லும் சிறிய ட்ரோனை எதில் சேர்ப்பது என்பதற்கு வாசகத்தில் விடை இல்லை.

கிழக்குச் சீனக் கடலில் சீனா வேறு பாதையில் போனது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஜப்பானுடன் தகராறில் உள்ள தீவுகளையும் உள்ளடக்கி 2013 நவம்பர் 23 அன்று வான் பாதுகாப்பு அடையாள மண்டலம் ஒன்றைத் தன்னிச்சையாக அறிவித்து, அதில் பறக்கும் விமானங்கள் பயணத் திட்டத்தைத் தனக்குத் தர வேண்டும் என்றது. சில நாட்களிலேயே அமெரிக்கா இரண்டு பி-52 குண்டுவீச்சு விமானங்களைத் தகவல் தராமல் அதன் வழியே பறக்கவிட்டது. இமயமலையில் இருப்பது ஒருவர் அறிவித்த மண்டலம் அல்ல, இருவர் கையெழுத்திட்ட விதி.

அந்த விதி இன்றும் நடப்பில் இருக்கிறதா என்ற கேள்வி, 20 இந்திய வீரர்கள் உயிரிழந்த 2020 ஜூன் 15 கால்வான் மோதலுக்குப் பின் பலமுறை எழுந்தது. எந்தத் தரப்பும் ஆறு மாத எழுத்துமூல அறிவிப்பு கொடுத்து ஒப்பந்தத்திலிருந்து விலகலாம்; இதுவரை இருவரும் அப்படிக் கொடுக்கவில்லை. தெப்சாங், தெம்சோக் பகுதிகளுக்காக 2024 அக்டோபரில் எட்டப்பட்ட ஏற்பாடு, அரசு வெளியில் சொன்ன அளவில், தரை ரோந்தையும் மேய்ச்சலையும் பற்றியது. வானத்துக்கு இப்போதும் 1996இன் ஐந்தாம் பிரிவும், அதற்குக் காலக்கெடு சேர்த்த 2005 நெறிமுறையுமே பொருந்துகின்றன.