வெண்கல டிராகனின் வாலில் ஒட்டிய மண்

வியாசர்பாடியில், 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பம் ஒன்றின் கண்ணாடி அலமாரியில் ஒரு சாண் நீளமுள்ள டிராகன் பொம்மை இருக்கிறது. ரங்கூனில் தாத்தா வாங்கியது என்பதற்கு மேல் வீட்டாருக்கு அதைப் பற்றி எதுவும் தெரியாது. அது எந்த நாட்டுப் பொருள், எத்தனை ஆண்டுப் பழையது என்று கண்டறிவது எப்படி என்பதை அந்தப் பொம்மையைக் கொண்டே விளக்கலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். மரத்துக்கும் எலும்புக்கும் கரிமக் காலக்கணிப்பு இருப்பதுபோல், செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த வெண்கலத்துக்கு நேரடியான வயதுச் சோதனை கிடையாது. உலோகத்தோடு ஒட்டிக்கொண்டு வந்த பிற பொருட்களும், அதன்மீது பட்ட கையின் தடயங்களும்தான் சாட்சி சொல்ல வேண்டும்.

பலரும் முதலில் விரல்களைத்தான் எண்ணுவார்கள். ஐந்து விரல் கொண்ட டிராகன் சீனப் பேரரசருக்கு உரியது என்பதும், ஜப்பானிய டிராகனுக்குப் பெரும்பாலும் மூன்றே விரல்கள் என்பதும் உண்மையே. ஆனால் 1912இல் சீனத்தில் முடியாட்சி ஒழிந்த பிறகு ஐந்து விரல் வைப்பதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. அடிப்பாகத்து முத்திரையையும் அப்படியே நம்பிவிட முடியாது. 1426 முதல் 1435 வரை ஆண்ட மிங் பேரரசர் ஷுவான்டேயின் பெயர் தாங்கிய ஆறெழுத்து முத்திரையைப் பின்வந்த நூற்றாண்டுகளின் வார்ப்பாளர்கள் தாராளமாகப் பொறித்திருக்கிறார்கள்.

வியாசர்பாடி டிராகனுக்கு மூன்று விரல்கள், முத்திரை இல்லை. பூதக்கண்ணாடி வழியே பார்த்தால், முதுகுச் செதில்களின் ஓரங்கள் கூர்மையாகவும் ஒன்றுக்கொன்று சற்றே வேறுபட்டும் இருக்கின்றன. வார்த்த பிறகு சிற்றுளியால் ஒவ்வொன்றாகச் செதுக்கியதன் அடையாளம் இது. பழைய பொம்மை ஒன்றிலிருந்து அச்செடுத்து வார்த்த நகலாக இருந்தால் ஓரங்கள் மழுங்கியிருக்கும். ஆறும்போது உலோகம் ஒன்றரை சதவீத அளவுக்குச் சுருங்குவதால், நகல் மூலத்தைவிடச் சிறியதாகவும் இருக்கும். ஜப்பானில் 1876இல் பொது இடங்களில் வாள் தரிப்பது தடைசெய்யப்பட்டதும், வாளுக்கு அணி செய்துவந்த கம்மியர் பலர் ஏற்றுமதிக்கான அலங்காரப் பொருட்களுக்கு மாறினார்கள். அந்தக் காலத்துப் பொம்மை ஒன்று ரங்கூன் துறைமுகக் கடைக்கு வந்திருந்தால் வியப்பில்லை. இருந்தாலும் இது ஊகமே.

அடுத்தது உலோகக் கலவை. காயலான் கடைக்காரர் அரத்தால் ஓரிடத்தில் தேய்த்து, நிறத்தைப் பார்த்தே பித்தளையா வெண்கலமா என்று சொல்லிவிடுவார். ஆய்வகத்தில் இதையே எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவி காயமில்லாமல் செய்கிறது. எக்ஸ் கதிர் பட்டதும் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் கதிரைத் திருப்பி உமிழும். அதை அளந்து செம்பு, வெள்ளீயம், காரீயம், துத்தநாகம் ஆகியவற்றின் விகிதத்தைக் கணக்கிடுகிறார்கள். கலவையில் அலுமினியம் சேர்க்கப்பட்டிருந்தால், மலிவாக அலுமினியம் எடுக்கும் முறை கண்டறியப்பட்ட 1886க்கு முன் அந்தப் பொருளைக் கொண்டுபோவது கடினம். இந்தக் கருவி தோலை மட்டுமே பார்க்கிறது என்பது இதன் குறை.

அந்தத் தோலில்தான் பெரும்பாலான மோசடிகளும் நடக்கின்றன. மெல்ல வளர்ந்த களிம்பில், உலோகத்தை ஒட்டிச் சிவப்பு நிறச் செம்பு ஆக்சைடும் அதன்மேல் பச்சைத் தாதுக்களும் படிந்திருக்கும். பூசப்பட்ட பச்சை, அசிட்டோனில் நனைத்த பஞ்சோடு வந்துவிடுவதுண்டு. காசிமேட்டு உப்புக்காற்றில் புதுக் குத்துவிளக்கே சில மழைக்காலங்களில் பச்சை பிடித்துவிடும் என்பதால், வடசென்னையில் களிம்பை மட்டும் வைத்து வயது சொல்பவரை நான் நம்பமாட்டேன்.

கலவையில் காரீயம் இருந்தால் இன்னொரு வழி உண்டு. தாதுவை உருக்கும்போது ரேடியம் கசடோடு போய்விடுகிறது. அதிலிருந்து உண்டாகி உலோகத்தில் தங்கும் ஈயம் 210 என்ற கதிரியக்க ஐசோடோப்பு, புதிதாகச் சேர வழியின்றி, ஏறத்தாழ 22 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகிறது. 110 ஆண்டுகளில் 32இல் ஒரு பங்கே மிஞ்சும். அது நிறைய இருந்தால் உலோகம் அண்மையில் உருக்கப்பட்டது என்று பொருள். பழைய உலோகத்தை உருக்கிப் புதிதாக வார்த்தவரை மட்டும் இது பிடிக்காது.

அவரைப் பிடிப்பது மண். பொள்ளலான பொம்மைகளைக் களிமண் கருவைச் சுற்றி மெழுகு பூசி வார்ப்பார்கள். உருகிய வெண்கலம் பாயும் சூட்டில், கருவிலுள்ள குவார்ட்ஸ் துகள்கள் அதுவரை சேர்த்துவைத்திருந்த கதிர்வீச்சு ஆற்றல் முழுவதும் வெளியேறி, கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. அன்றிலிருந்து சேர்ந்ததை, இருட்டறையில் மீண்டும் சூடேற்றி, வெளிவரும் ஒளியாக அளக்கலாம். வெப்ப ஒளிர்வுக் காலக்கணிப்பு என்று இதற்குப் பெயர். பிழை வரம்பு 20% வரை போகலாம் என்றாலும், நூறாண்டுப் பொருளையும் நேற்றைய பொருளையும் பிரித்துவிடும். எக்ஸ் கதிர் படம் எடுப்பதற்கு முன்பே மண் மாதிரியை எடுத்துவிட வேண்டும்; அந்தக் கதிரும் கணக்கில் ஏறிவிடும்.

ஆண்டுதோறும் போகிக்கு முன்னால் புளியும் செங்கல் பொடியும் போட்டு, குச்சி விட்டு உட்புறம் வரை தேய்த்துக் கழுவுவது அந்த வீட்டு வழக்கம். வயிற்றில் மண் இல்லை. வால் குறுகி வளையும் இடத்தில், குச்சி எட்டாத மூலையில் மட்டும், கறுத்த மண் ஒரு சிட்டிகையளவு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.