துண்டு போட்ட சீட்டு

ரோஸ்ஹில்லிலிருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: "காலையில் நன்றாக ஓடும் புரோகிராம் மத்தியானம் அப்படியே நின்றுவிடுகிறது. சர்வரை ஒருமுறை அணைத்துப் போட்டால் சரியாகிறது. ஏன் ஐயா?"

தைப்பூசக் காவடிக்குப் பெயர் பதிய எங்கள் ஊர்க் கோவிலுக்கு நான் எழுதிக் கொடுத்த பக்கமும் இப்படித்தான் நின்றது. காரணம் டேட்டாபேஸ் கனெக்ஷன், அதாவது தகவலைச் சேமித்து வைக்கும் டேட்டாபேஸோடு புரோகிராம் திறந்து வைக்கும் தொடர்பு. நான் பயன்படுத்திய போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் ஒவ்வொரு கனெக்ஷனுக்கும் தனி பிராசஸ் ஒதுக்குகிறது. நாம் மாற்றாதவரை மொத்தம் 100தான். வேலை முடிந்ததும் மூட வேண்டும். மூடாவிட்டால், பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்தவர் இறங்கிப் போன பிறகும் துண்டு சீட்டிலேயே கிடக்கிற கதை. எல்லா சீட்டிலும் துண்டு விழுந்துவிட்டால் புதிதாக வருபவருக்கு இடமில்லை, பக்கம் நின்றுவிடும்.

மூடும் வரியை நான் எழுதாமல் இல்லை, கடைசியில் எழுதியிருந்தேன். யாராவது போன் நம்பரை விட்டுவிட்டால் நடுவில் பிழை கிளம்பும், புரோகிராம் அந்தக் கடைசி வரிக்கு வராமலே வெளியேறிவிடும். தப்பாக நிரப்பிய படிவம் ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு.

பிழை வந்தாலும் வராவிட்டாலும் ஓடுகிற 'ஃபைனலி' பகுதியில் மூடுவது ஜாவா மொழியின் பழைய வழி. அதில் ஒரு வஞ்சம் உண்டு. டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் கேள்வி (க்வெரி) ஓடும்போது நெட்வொர்க் அறுந்தது என்று வையுங்கள். முதல் பிழை அங்கே. அப்புறம் செத்த கனெக்ஷனை மூடப் போனால் அதுவும் ஒரு பிழையை எறியும். வெளியே வருவது இரண்டாவது மட்டுமே. உண்மைக் காரணத்தைச் சொல்லும் முதலாவது தடமில்லாமல் போய்விடும். விடியவிடியத் தப்பான இடத்தில் தேடுவோம்.

2011இல் வந்த ஜாவா 7 இதை அழகாகத் தீர்த்தது. பிழை வரக்கூடிய வரிகளை வைக்கும் 'ட்ரை' பகுதியின் தொடக்கத்தில் உள்ள அடைப்புக்குறிக்குள் கனெக்ஷனைத் திறந்தால் போதும். அந்தப் பகுதியை விட்டு எப்படி வெளியேறினாலும், கடைசியாகத் திறந்தது முதலில் மூடப்படும்: முதலில் கேள்விக்கு வந்த விடைத்தொகுப்பு, பிறகு கேள்வி, கடைசியில் கனெக்ஷன். ஒன்று மற்றொன்றின் மேல் நிற்பதால் இந்த வரிசைதான் சரி. மூடும்போது பிழை வந்தால் முதல் பிழையை அது விழுங்குவதில்லை. முதலாவதே வெளியே வருகிறது, இரண்டாவது அதன் முதுகில் கட்டிய மூட்டையாகக் கூடவே வருகிறது. அவிழ்த்துப் பார்த்தால் இரண்டும் தெரியும். யோசித்தவரைக் கும்பிடத் தோன்றுகிறது எனக்கு.

தினமும் ராத்திரி சர்வரை அணைத்துப் போடுவதைப் பரிகாரம் மாதிரி செய்யும் அலுவலகங்களைப் பார்த்திருக்கிறேன். துண்டுகள் போகும், போட்ட கை அங்கேயேதான் இருக்கும். வகுப்பிலும் திறக்கச் சொல்லிக்கொடுக்கும் அக்கறை மூடுவதில் இல்லை. அது எனக்கு வருத்தம்.

நீங்கள் எழுதுவது பைத்தானா? அதிலும் இதே வேலைக்கு 2006 முதல் 'வித்' இருக்கிறது. ஆனால் எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸின் கனெக்ஷனை நேராக 'வித்'தில் கொடுத்தால், எழுதியதை உறுதிசெய்யும் அல்லது ரத்துசெய்யும், மூடாது. 'க்ளோசிங்' என்ற உறையில் போட்டுக் கொடுங்கள்.