உப்புக் காற்றில் ஒரு டர்போ கார்

ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் ஊரில் விசைப்படகு இன்ஜின்களைப் பிரித்து மாட்டும் என் மாமாவிடம் அந்த காரைக் காட்டினேன். மூன்று சிலிண்டர், ஒரு லிட்டர், டர்போ பெட்ரோல். கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயக் களத்தில் நேரம் குறித்து ஓட்டிப் பார்க்கும் ஆசையில் செகண்ட் ஹேண்டாக வாங்கியிருந்தேன். பானெட்டுக்குள் சிறிது நேரம் குனிந்து பார்த்தவர், "காத்தைத் திணிக்கிறது பெரிய வேலையில்ல மாப்ள. திணிச்ச காத்தோட சூட்டை எங்க கொண்டுபோய்க் கழிக்கப் போற?" என்று கேட்டார். படகுக்குச் சூட்டைக் கழிக்கச் சுற்றிலும் கடல் இருக்கிறது. காருக்கு முகப்பில் மோதும் காற்றை விட்டால் வேறு வழியில்லை. அதுவும் எங்கள் ஊர்க் காற்று.

டர்போ என்பது ஓர் அச்சின் இரு முனைகளில் மாட்டிய இரண்டு சிறு சக்கரங்கள். சைலன்சர் வழியே வீணாகப் போகும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே அச்சில் இருக்கும் மறுசக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, இன்ஜினுக்குள் தள்ளும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூஷி 1905-இல் காப்புரிமை பெற்ற யோசனை இது. சிறிய கார்களில் அந்த அச்சு நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்று வரை போகும். சக்கரத்தின் விட்டம் 4 சென்டிமீட்டர் என்றால் அதன் விளிம்பு விநாடிக்கு 400 மீட்டருக்கு மேல் பாயும், ஒலியைவிட வேகம். புகைப் பக்கம் ஏறத்தாழ 900 டிகிரியில் கனன்றுகொண்டிருக்க, ஒரு சாண்கூட இல்லாத தூரத்தில் மறுபக்கம் சுவாசக் காற்றைக் கையாள்கிறது. எண்ணெயின் மெல்லிய படலம் ஒன்றுதான் அந்த அச்சைத் தாங்கி நிற்கிறது.

காற்று எதற்கு? ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரியச் சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு இது கொஞ்சம் குறையும். பெட்ரோலைக் கூடுதலாகத் தெளிப்பது எளிது. அதை எரிக்கும் ஆக்சிஜனை உள்ளே சேர்ப்பதுதான் பாடு. அதனால் டர்போ காரில் எண்ண வேண்டியது ஆக்சிஜன் மூலக்கூறுகளை. டர்போ ஏற்றும் கூடுதல் அழுத்தத்துக்கு பூஸ்ட் என்று பெயர். பூஸ்ட் மீட்டர் காட்டுவது அந்த அழுத்தத்தை மட்டுமே. இந்த இரண்டையும் ஒன்றென்று எடுத்துக்கொள்வதில்தான் பலருடைய பணமும் சிலருடைய பிஸ்டனும் போகின்றன.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ராமநாதபுரத்துப் பகல், 35 டிகிரி. டர்போ அந்தக் காற்றை இரு மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதுபோல, அழுத்திய காற்றும் சூடேறும். டர்போவின் திறன் 70 சதவீதம் என்று வைத்தால் வெளிவரும் காற்று ஏறக்குறைய 130 டிகிரி. சூடான காற்று விரியும். அதனால் அழுத்தம் இரண்டு மடங்கானாலும் உள்ளே போகும் காற்றின் எடை ஒன்றரை மடங்குதான். அதே காற்றை, முகப்பில் மோதும் காற்றால் அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வழியே விட்டு 63 டிகிரிக்கு இறக்கினால் எடை 1.8 மடங்கைத் தாண்டுகிறது. மீட்டரில் முள் அசையவில்லை, ஆனால் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிட்டது. என்னிடம் யோசனை கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: பூஸ்டை ஏற்றும் முன் நல்ல இன்டர்கூலருக்குச் செலவழியுங்கள்.

எங்கள் கரைக்கு இன்னொரு கழித்தல் உண்டு. 32 டிகிரி வெப்பத்தில் ஈரப்பதம் 80 சதவீதம் என்றால், காற்றில் கிட்டத்தட்ட 4 சதவீதம் நீராவி. அந்த நீராவி உட்கார்ந்த இடமெல்லாம் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடம். அழுத்தத்தை அளக்கும் சென்சாருக்கோ எது நீராவி, எது காற்று என்று தெரியாது. இரண்டையும் சேர்த்தே அளந்து சொல்லும். புழுங்கும் சாயங்காலத்தில் கார் மந்தமாக இருப்பது மனப்பிரமை அல்ல. ஆனால் அதே நீராவி எரிதலைச் சற்று ஆற்றி, நாக்கிங்கையும் கொஞ்சம் அடக்கிவைக்கும்.

நாக்கிங் என்ற எதிரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஸ்பார்க் பிளக் பொறி தட்டியதும் தீ ஓர் அலைபோல ஒழுங்காகப் பரவ வேண்டும். அழுத்தமும் சூடும் எல்லை மீறினால், தீ வந்து சேரும் முன்பே மூலையில் மிச்சமிருக்கும் கலவை தானாகப் பற்றி வெடிக்கும். அந்த அதிர்வு பிஸ்டனைச் சுத்தியலால் தட்டுவதற்குச் சமம். இன்ஜினில் பொருத்திய நாக் சென்சார் இந்தச் சத்தத்தைக் கேட்டதும், இன்ஜினை ஆளும் கணினியான ஈ.சி.யூ. பொறியைத் தாமதப்படுத்தி இன்ஜினைக் காப்பாற்றும். தாமதித்தால் சக்தி குறையும், புகையின் சூடு ஏறும். சூடு ஏறியதால் நாக்கிங், அதைத் தவிர்க்கப் போய் இன்னும் சூடு. களத்தில் நான்கைந்து சுற்று போனதும் கார் சோர்ந்துபோவது இப்படித்தான். பெட்ரோலின் ஆக்டேன் எண் என்பது இந்தத் தானே பற்றும் புத்தியை எவ்வளவு தாங்கும் என்பதன் அளவு. எத்தனாலுக்கு அந்த எண் அதிகம். ஆவியாகும்போது பெட்ரோலைவிட அதிகச் சூட்டையும் உறிஞ்சும்.

ரீமேப் என்பது ஈ.சி.யூ.வுக்குள் இருக்கும் அட்டவணைகளைத் திருத்துவது. இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுழலும்போது எவ்வளவு பூஸ்ட், எவ்வளவு பெட்ரோல், பொறி எப்போது என்று எண்களாக எழுதியிருக்கும். முழு மிதியில் கலவையை 12 கிலோ காற்றுக்கு 1 கிலோ பெட்ரோல் என்ற அளவுக்குப் பக்கமாக வைப்பது வழக்கம். மிகுதிப் பெட்ரோல் ஆவியாகி உள்ளறையைக் குளிர்விக்கும். எழுதித் தருபவர் எந்த ஊர்க் காற்றில், எந்த பெட்ரோலில் சோதித்தார் என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். மலையடிவாரக் குளிரில் சரியாக வந்த அட்டவணை, சித்திரை வெயிலில் ராமநாதபுரத்தை ஒட்டிய பட்டணம்காத்தானில் ஓட்டும்போது பிஸ்டனைத் தின்னலாம்.

என் காரில் நடந்ததைச் சொல்கிறேன். லேப்டாப்பை மாட்டிப் பதிவெடுத்தபோது ஈ.சி.யூ. கேட்ட பூஸ்ட் 1.1 பார் (ஒரு பார் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்), இன்ஜின் நிமிடத்துக்கு 5,000 சுற்றில் ஓடும்போது கிடைத்தது 0.9. டர்போ வேண்டியதைவிட வேகமாகச் சுழலாமல், மிச்சப் புகையை வேறு வழியில் திருப்பிவிடும் கதவுக்கு வேஸ்ட்கேட் என்று பெயர். அதைக் கூடியமட்டும் மூடிவைத்தும் எண் ஏறவில்லை. காட்டிய ஒரு பட்டறையில் டர்போ போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். மனம் ஒப்பவில்லை. பஞ்சர் கடையிலிருந்து கம்ப்ரசரை வாங்கி, ஏர் ஃபில்டர் வாயை அடைத்து, குழாய்களுக்குள் ஒரு பார் காற்றை ஏற்றினோம். சோப்புத் தண்ணீரை மூட்டு மூட்டாகத் தெளித்துக்கொண்டே போனேன். இன்டர்கூலரின் கீழ் ஹோஸில், கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில், கொத்தமல்லி விதை அளவில் குமிழிகள் நிற்காமல் வந்தன. கிளாம்பின் அடியைத் திருப்பிப் பார்த்தால், உப்பு தின்று திருகின் பல்லே இல்லை. இருநூறு ரூபாய்கூட ஆகாத ஸ்டெயின்லெஸ் கிளாம்ப் போட்டதும் 1.1 வந்தது, உள்ளே போகும் காற்றின் சூடும் பத்து டிகிரி இறங்கியது. கசிந்ததை ஈடுகட்ட டர்போ அளவுக்கு மீறிச் சுழன்றதால்தான் அந்தக் கூடுதல் சூடு.

இந்தக் கரையில் உப்பை மறந்து எதுவும் செய்ய முடியாது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் கடல் அரிப்பை ஆராய மண்டபத்தில் நிலையம் வைத்திருப்பதே இதற்குச் சாட்சி. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கண்ணாடியை விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். அந்தக் குளோரைடு அலுமினிய இன்டர்கூலரின் மேல் படலத்தைப் பொட்டுப் பொட்டாகத் துளைத்து, மடிப்புகளில் வெள்ளைப் பொடியாகப் பூக்கும். பொடி அடைத்த மடிப்பில் காற்று புகாது, சூடு இறங்காது. சென்சார் இணைப்புகளில் செம்பு பச்சை பிடித்தால் மின்தடை ஏறி, ஈ.சி.யூ.வுக்குப் பொய் எண் போகும். ஒவ்வொரு வாரமும் முன்பக்கத்தை நல்ல தண்ணீரில், அழுத்தமில்லாமல் கழுவுகிறேன். உவர்த் தண்ணீரில் கழுவுவது கழுவாததைவிட மோசம்.

மணல் இன்னொன்று. பார்ப்பதற்கு அழகாக இருக்கிறதென்று பானெட்டுக்குள் திறந்த கூம்பு ஃபில்டர் மாட்டுகிறார்கள். அது இன்ஜின் சூட்டையே திரும்ப மூச்சிழுக்கும். தனுஷ்கோடிச் சாலையில் பறக்கும் மணல் துகள் ஒன்று தப்பி உள்ளே போனாலும், ஒலியை மிஞ்சிச் சுழலும் விளிம்பில் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கம்பெனி கொடுத்த மூடிய பெட்டியில் நல்ல ஃபில்டர் போட்டாலே போதும். அரிச்சல்முனை வரை நேராக ஓடும் அந்தச் சாலையில் வேகத்தைச் சோதிக்கவும் வேண்டாம். குடும்பங்கள் நடக்கும் பொதுச் சாலை அது, தாரின் மேல் எப்போதும் மணல் படிந்திருக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றுவதையும் தடுக்கிறது. மாற்றிய காரை லாரியில் ஏற்றிப் பந்தயக் களத்துக்குக் கொண்டுபோவதே முறை.

பெரிய டர்போ போடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். பெரிய சக்கரத்துக்கு எடை அதிகம், சுழன்று எழ நேரம் எடுக்கும். கரியின் சுற்று சுமார் 2.1 கிலோமீட்டர்தான், திருப்பத்திலிருந்து வெளிவந்து மிதித்ததும் சக்தி உடனே வர வேண்டும். அரை விநாடி தாமதம் ஒவ்வொரு திருப்பத்திலும் சேர்ந்துகொண்டே போகும். அங்கே சிறிய டர்போவே எனக்குச் சரி. கோவை ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றழுத்தம் எங்கள் கரையைவிட 4, 5 சதவீதம் குறைவு. அதே பூஸ்டை எட்ட டர்போ கூடுதலாகச் சுழலும். ஆகவே இங்கே சரிபார்த்த எண்ணிலிருந்து கொஞ்சம் இறக்கித்தான் அங்கே தொடங்குவேன். வேகமாக ஓட்டிய பின் ஒரு சுற்று மெதுவாக வந்து, பிறகே இன்ஜினை அணைப்பேன். சுடச்சுட நிறுத்தினால் அச்சைச் சுற்றி நின்றுபோன எண்ணெய் கருகிக் கரியாகும்.

சக்தி கூடினால் பிரேக்கில் இறங்கும் சூடும் கூடும். பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 வகையின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறியபின் 155 வரை இறங்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி சேர்ந்து, மிதி தரை வரை போகும். களத்துக்குக் கிளம்பும் முந்தின நாள் புதிய டப்பாவை உடைத்து நான்கு சக்கரத்திலும் பழையதை முழுக்க வெளியேற்றிவிடுகிறோம். மிச்சத்தை மாமா அலமாரியில் வைக்க விடுவதில்லை. மூடி திறந்த டப்பா இந்தக் கடற்கரையில் ஒரு வாரம் இருந்தால் அதில் கடலும் கொஞ்சம் இருக்கும் என்பார்.