மரவெட்டு அச்சு: சொல் விளக்கம்

ஆங்கிலத்தில் ‘உட்கட்’, ஜெர்மனில் ‘ஹோல்ட்ஸ்ஷ்னிட்’. இரண்டிலும் மரம், வெட்டு என்ற இரு சொற்களே சேர்ந்திருக்கின்றன. பலகையில் படம் வரைந்து, வெள்ளையாக வரவேண்டிய இடங்களை உளியாலும் கத்தியாலும் எடுத்துவிடுவார்கள். மிஞ்சி நிற்கும் மேட்டில் மை தடவி, தாளை வைத்து அழுத்தினால் படம் இடவலம் மாறித் தாளில் விழும்.

தமிழில் இதைச் சிலர் ‘மரச்சிற்பம்’ என்று எழுதிவிடுகிறார்கள். அது தேரில் இருப்பது. ‘மரச்செதுக்கு’ நல்ல சொல்தான், ஆனால் அதை இன்னொரு நுட்பத்துக்கு விட்டுவைக்க வேண்டும். மரத்தைக் குறுக்கே அறுத்த முகத்தில் கூரிய கருவியால் நுணுக்கமாகக் கீறுவது அது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் தாமஸ் பியூயிக் அதை உச்சத்துக்குக் கொண்டுபோனார். நாம் பேசுவது நெடுக்காக அறுத்த பலகை. அதில் ரேகை ஓடும். ரேகைக்கு எதிராக உளி போனால் சிம்பு பெயரும். கல்வெட்டு என்ற சொல் நம்மிடம் இருப்பதால் ‘மரவெட்டு’ காதுக்குப் புதிதில்லை. ஆனால் கல்வெட்டில் வெட்டிய இடத்தைப் படிக்கிறோம், இங்கே வெட்டாத இடம்தான் தாளில் பதிகிறது. மரம் வெட்டுவதோடு குழம்பாமலிருக்க ‘அச்சு’ என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கலை பழையது. ஜெர்மன் ஓவியர் டியூரரின் ‘அபோகலிப்ஸ்’ (பைபிள் சொல்லும் உலக முடிவு) மரவெட்டு வரிசை 1498இல் வந்தது. ஆனால் ரேகையை மறைக்காமல், அதையே படத்தின் பகுதியாக்கியவர்களில் முக்கியமானவர் நார்வே ஓவியர் எட்வர்ட் முங்க். ‘முத்தம்’ என்ற அவருடைய மரவெட்டில் ஆணும் பெண்ணும் ஒரே கரிய உருவம். இரு முகங்களுக்கும் நடுவே கோடே கிடையாது. சுற்றிலும் மரத்தின் வரிகள் அப்படியே தெரிகின்றன.

1905இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் கிர்ஷ்னர், ஹெக்கல், ஷ்மிட்-ரொட்லுஃப், பிளைல் ஆகிய நான்கு இளம் கலைஞர்கள் ‘டி ப்ரூக்கே’ (பாலம்) என்ற குழுவைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு குழுவின் கொள்கை அறிக்கையைக்கூட கிர்ஷ்னர் மரத்தில்தான் வெட்டினார். இவர்கள் சார்ந்த எக்ஸ்பிரஷனிசம் (தமிழில் வெளிப்பாட்டியம்; கண்ணுக்குத் தெரிவதைவிட உள்ளத்து உணர்ச்சியைக் காட்ட முயன்ற கலை இயக்கம்) மனித உடலை மாற்றிக் காட்டியதில் இந்தப் பலகைக்குப் பெரிய பங்கு உண்டு. கலைப் பள்ளிகள் உடலைச் சரியான அளவோடும் மெல்லிய நிழலோடும் வரையக் கற்றுக்கொடுத்தன. உளிக்கு மெல்லிய நிழல் எளிதில் வராது. கன்னம் என்றால் ஒரு தளம், மூக்கு என்றால் ஒரு வெட்டு. 1919இல் ஹெக்கல் செய்த ‘ஆணின் உருவப்படம்’ அவருடைய சொந்த முகம்தான். நீண்டு ஒடுங்கிய முகம், பச்சை படர்ந்த தோல், மோவாய்க்குக் கீழே கோத்த விரல்கள். முதல் உலகப் போர் முடிந்த மறு ஆண்டின் சோர்வு அத்தனையும் அந்த முகத்தில் இருக்கிறது.

ஜெர்மன் கலைஞர் கேத்தே கோல்விட்ஸ் ‘டி ப்ரூக்கே’ குழுவைச் சேர்ந்தவர் அல்ல. 1914 அக்டோபரில் மகன் பீட்டரைப் போரில் இழந்தார். 1920இல் ஜெர்மன் சிற்பி எர்ன்ஸ்ட் பார்லாகின் மரவெட்டுகளைப் பார்த்த பிறகே இந்தக் கலைக்குத் திரும்பி, ‘போர்’ என்ற ஏழு படங்களை வெட்டினார். அதில் ‘தாய்மார்கள்’ படத்தில் பெண்கள் ஒருவரையொருவர் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஒரே கருந்திரளாக நிற்கிறார்கள். உடல்கள் தனித்தனியாகத் தெரிவதில்லை. பெரிய கைகளும் முகங்களும் மட்டும் வெள்ளையாக வெட்டப்பட்டிருக்கின்றன, இடுக்கில் குழந்தைகள் எட்டிப்பார்க்கிறார்கள்.

‘மர ஓவியம்’ என்று எழுதுவதையும் தவிர்க்கலாம். ஓவியம் என்றால் ஒரே ஒரு மூலம் என்ற எண்ணம் வந்துவிடும். மரவெட்டில் ஒரே பலகையிலிருந்து பல தாள்கள் எடுக்கலாம், எல்லாமே மூலம்தான். தன் படைப்பு நிறையப் பேர் கைக்குப் போக வேண்டும் என்று விரும்பிய கோல்விட்ஸுக்கு அது ரொம்பப் பொருந்தியது.